ஆட்சேபணை

"பாரு, நூத்தியொரு பேரும் எப்படி மேசையைத் தட்டுறாங்க! ஜெயிச்சது ஒரே ஒரு சீட்டுல. அதுக்கு இந்த ஆட்டமா?"

தொலைக்காட்சியில், புது நாடாளுமன்றத்தில் புதுப் பிரதமர் பதவியேற்றுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வயிறெரிந்தபடியே, அதே பிரதமரை வாழ்த்தும் மஞ்சள் போஸ்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார் அச்சகக்காரர். அவர் இருபது வருஷமாக நீலக் கட்சி.

"இவ்வளவு எரிச்சல்னா, ஆர்டரை வாங்காம இருந்திருக்கலாமே?" என்றாள் மனைவி, போஸ்டர்களின் ஓரத்தை வெட்டியபடி.

"தொழில் வேற, கட்சி வேற."

"அந்த வித்தியாசம் தம்பி விஷயத்தில மட்டும் ஏன் ஞாபகத்துக்கு வரலை?"

அச்சகக்காரர் அடுத்த கட்டுப் போஸ்டரை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மஞ்சள் கட்சிக்கு நூற்றொன்று, நீலக் கட்சிக்கு நூறு. ஆட்சியைத் தீர்மானித்த அந்த ஒரு சீட்டு இவருடைய தொகுதிதான். நீலக் கட்சி இதுவரை ஒரு தடவைகூட ஜெயிக்காத தொகுதி. இந்த முறை ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். அதே ஒன்று.

தம்பி மஞ்சள் கட்சி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தது. சாப்பிடும்போது எந்தச் செய்திச் சேனல் ஓட வேண்டும் என்று ஆரம்பித்த சண்டை, ஏழு மாதத்துக்கு முன் தனிக்குடித்தனத்தில் போய் முடிந்தது. தம்பியும் அவன் மனைவியும் நாலு தெரு தள்ளிப் போனார்கள். ஓட்டு மட்டும் பழைய விலாசத்திலேயே இருந்தது.

ஓட்டுப் போடும் நாளில் வாக்குச்சாவடியில் நீலக் கட்சியின் பூத் ஏஜென்டாக அச்சகக்காரர் உட்கார்ந்திருந்தார். தம்பியும் தம்பி மனைவியும் வரிசையில் வந்தார்கள். விலாசம் மாறியவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது என்று ஒரு விதி. யாரும் வாய் திறக்காவிட்டால் அதிகாரிகளும் அதைக் கண்டுகொள்வதில்லை.

அச்சகக்காரர் எழுந்து நின்று ஆட்சேபணை சொன்னார்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இந்த ஆளும் இந்தம்மாவும் இப்ப அந்த விலாசத்தில இல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

தம்பி அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு திரும்பிப் போய்விட்டான்.

கட்சி ஆபீசில் அன்று அச்சகக்காரருக்கு ஏகப்பட்ட பாராட்டு. 'கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்காத சிங்கம்' என்று முதுகில் தட்டினார்கள். ஆனால் சிங்கத்துக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியைக் கூப்பிடலாம் என்று பத்துத் தடவை போனை எடுத்து, பத்துத் தடவையும் கீழே வைத்துவிட்டார்.

இப்போது வாசலில் நிழல் தெரிந்தது. தம்பி மனைவி.

"வாம்மா, வா! உட்காரு" என்று எழுந்தாள் மூத்தவள்.

"நேரமில்லைக்கா. சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. அவருக்கு வேற ஊர்ல வேலை. சொல்லிக்காம போக எனக்குத்தான் மனசு வரலை."

அச்சகக்காரர் நிமிர்ந்தார். "ஆட்சிக்கு வந்து முழுசா ஒரு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள வேலையா? பலே! கட்சி விசுவாசத்துக்குக் கைமேல் பலன்!"

"இந்த வேலை போன வருஷமே வந்தது, மாமா. அண்ணன் இருக்கற ஊரை விட்டுப் போக மாட்டேன்னு இவர்தான் தட்டிக் கழிச்சுக்கிட்டிருந்தார். இப்ப அவங்களே மறுபடி கேட்டாங்க. சரின்னுட்டார்."

"அவன் எங்கே? உள்ளே வர மாட்டானாமா?"

"தெருமுனையில வண்டியில இருக்கார். 'அந்த வீட்டுல என்னைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை, நீ மட்டும் போயிட்டு வா'ன்னுட்டார்."

அச்சகக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

"ஆட்சியும் உங்களுக்கு, ரோஷமும் உங்களுக்கா? நான் செஞ்சதில என்னம்மா தப்பு? ஒரே ஒரு ஓட்டுல தோத்தோம். உங்க ரெண்டு ஓட்டையும் விட்டிருந்தா மூணு ஓட்டுல தோத்திருப்போம். அதைத் தடுத்தேன். ஒரு ஏஜென்ட் செய்ய வேண்டிய வேலையைத்தானே செஞ்சேன்?"

அவள் மூத்தவளின் கையைப் பிடித்து, "வரேன்க்கா" என்றாள். வாசல்படி வரைக்கும் போனவள் நின்றாள்.

"உங்ககிட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார், மாமா. ஆனா நீங்க இப்படி ஒரு கணக்கை வச்சுக்கிட்டு இருக்கீங்களே, அதைக் கேட்டுட்டு என்னால சும்மா போக முடியலை."

"என்ன கணக்கு?"

"அன்னிக்குக் காலையில வீட்டை விட்டுக் கிளம்பறப்ப அவர் சொன்னாரு: 'இருபது வருஷமா ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் அண்ணன் தோத்துப்போன முகத்தோடயே வீட்டுக்கு வர்றாரு. என்னால பார்க்க முடியலை. இந்த ஒரு தடவை கட்சியைப் பார்க்காதே. அண்ணனைப் பார்த்துப் போடு. நானும் அப்படித்தான் போடப் போறேன்.'"

மூத்தவள் தொலைக்காட்சியை அணைத்தாள். மஞ்சள் போஸ்டர் மேல் வைத்த கையை எடுக்காமல் அச்சகக்காரர் நின்றார். தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"எங்களை அன்னிக்கு விட்டிருந்தீங்கன்னா, ஒரு ஓட்டுல ஜெயிச்சிருப்பீங்க, மாமா."