வாட்ச் விண்டோ

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார் முதலாளி. தரையிலிருந்து ஒரு முழம் ஏறிய லிஃப்ட் அங்கேயே நின்று இருபது நிமிடம் ஆகிவிட்டது.

வெளியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த புரோகிராமர் மடியிலிருந்த லேப்டாப்பை விட்டு நிமிரவில்லை. "பாத்துக்கிட்டேதான் இருக்கேன் சார்."

லிஃப்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. பின்பக்கத்தில் இருந்த இந்தப் பழைய லிஃப்ட் சோதனைக்கென்றே வைத்திருப்பது. மாடியைத் தொட்டு நிற்காத வரை அதன் கதவுப் பூட்டு யாருக்கும் மசியாது, முதலாளிக்குக்கூட.

அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. யார் எத்தனை தடவை தண்ணீர் குடிக்க எழுந்தார்கள் என்பதுவரை கேமராவில் பார்த்துச் சொல்லிவிடுவார். நிரலை வரி வரியாக நிறுத்தி ஓட்டிப் பிழை தேடும் டீபக்கர் கருவியையும், நிரலுக்குள் இருக்கும் மதிப்புகளைக் காட்டும் அதன் வாட்ச் விண்டோவையும் அவர் சும்மா விடவில்லை.

"அதென்ன, ஒவ்வொரு பேரா தட்டித் தட்டிப் பாக்கறது? உள்ள இருக்கற அத்தனை மதிப்பும் வாட்ச் விண்டோவுல தானாவே தெரியணும். மாறினது சிவப்புல தெரியணும்" என்று போன மாதம் உத்தரவு போட்டார்.

"சிலதைக் கேட்டுப் பாத்தாலே மாறிடும் சார். அதை மட்டும் விட்டுடலாமே" என்றாள் அவள்.

"மறைக்கிற வேலையே எனக்குப் பிடிக்காது. எல்லாத்தையும் காட்டு" என்று வாயை அடைத்துவிட்டார்.

இன்று அதற்குத்தான் வெள்ளோட்டம். "நான் ஏறிப் போறேன். நீ கீழ இருந்து கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஏறியவர்தான். லிஃப்ட் ஒரு முழம் ஏறியதும் அவள் நிரலை நிறுத்தி விண்டோவைத் திறந்தாள்; லிஃப்ட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் ஏறுவதற்கு முன் அவள் ஒரு கடிதத்தை நீட்டியிருந்தாள். வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி அவள் கொடுக்கும் நான்காவது கடிதம். கணவனும் ஆறு வயது மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அங்கேயே அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். மாதத்துக்கு இரண்டே நாள் அம்மாவாக இருந்து இருந்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ போயிட்டா இதையெல்லாம் யார் பாத்துக்கறது?" என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டார். முந்தைய மூன்றும் அந்தப் பைக்குள் போய்த்தான் காணாமல் போயின.

"சார், ரெண்டாவது மாடி பட்டனை இன்னொரு தடவை அமுக்குங்க" என்றாள் அவள்.

அமுக்கினார். விண்டோவில் 'அடுத்த மாடி' என்ற பெயருக்கு எதிரே 2 சிவப்பாகத் தோன்றியது. அவள் நிரலை ஒரு வரி நகர்த்தினாள். 2 மறைந்து கட்டம் காலியானது. லிஃப்ட் அசையவில்லை.

"என்ன காட்டுது?"

"வருது சார். வந்த உடனே போயிடுது."

"எங்க போகுது? கண்ணைத் தொறந்து நல்லாப் பாரு!"

"நீங்க திரும்ப அமுக்குங்க. நான் திரும்பப் பாக்கறேன்."

மறுபடி அமுக்கினார், மறுபடி 2 வந்தது, மறுபடி போனது. முதலாளி காலர் பட்டனைக் கழற்றிவிட்டார். உள்ளே விளக்கும் எரிந்தது, மின்விசிறியும் ஓடியது. ஆனாலும் நாலடிக்கு நாலடிக் கூண்டில் நின்றுகொண்டு, ஊழியர்கள் தன்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதைப் பார்ப்பது அவருக்குப் புது அனுபவம்.

"மெக்கானிக்கைக் கூப்பிடறதுதானே?"

"கூப்பிட்டாச்சு சார். வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்."

"ரெண்டு மணி நேரமா! எனக்கு மூச்சு முட்டுதும்மா. உனக்குக் கவனமே இல்ல. மனசு எங்கயோ இருக்கு."

அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா சார். உங்க சட்டைப்பையில இருக்கு."

முதலாளி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"கையெழுத்துப் போட்டா கவனம் வந்துடுமா?" என்றார் முதலாளி.

"வரும்னுதான் நினைக்கிறேன் சார்."

கடிதத்தை லிஃப்ட் சுவரில் வைத்துக் கையெழுத்தும் தேதியும் போட்டு, கம்பி வழியாக நீட்டினார். அவள் எழுந்து வாங்கி இரண்டு தடவை படித்தாள். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

பிறகு லேப்டாப்பில் அந்த விண்டோவை மூடிவிட்டு, நிரலை அதன் போக்கில் ஓடவிட்டாள். "இப்ப அமுக்குங்க சார்."

லிஃப்ட் சமர்த்தாக இரண்டாவது மாடிக்குப் போய் நின்றது. கதவுப் பூட்டும் திறந்துகொண்டது. முதலாளி படிக்கட்டு வழியாகவே திடுதிடுவென்று இறங்கி வந்தார்.

"எந்த வரியிலம்மா கோளாறு?"

"எந்த வரியிலயும் இல்ல சார். அடுத்து எந்த மாடின்னு லிஃப்ட் கேக்கறதுக்கு முன்னாடியே நம்ம விண்டோ கேட்டு வாங்கிடுது. ஒரு தடவை வாங்கிட்டா அது அழிஞ்சிடும். நாம பாத்துக்கிட்டே இருந்ததாலதான் லிஃப்ட் நகரல."

முதலாளி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போன மாசமே சொன்னேனே சார்."