முதல் கோப்பை ஜெயபாரதிக்கு

நதீம் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையை மேஜைமேல் வைத்தான். முகம் சுளித்ததை அவனால் மறைக்க முடியவில்லை.

“சார், தப்பா நினைக்காதீங்க. ரப்பர் எரிஞ்ச மாதிரி வாடை அடிக்குது.”

நெடுஞ்செழியன் மெஷினின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

இந்திரா நகர் ஃபிளாட்டின் ஹாலில் ஒன்பது மெஷின்கள் இருந்தன. எல்லாம் பழைய இத்தாலிய எஸ்பிரஸ்ஸோ மெஷின்கள். நீளமான கைப்பிடியை இழுத்து விட்டால் ஸ்பிரிங் அழுத்தி காபி இறங்கும். துருப்பிடித்துக் கிடந்தவற்றை ஏழு வருடமாக ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, பாய்லரில் படிந்த உப்பைக் கரைத்து, ஓட வைத்திருந்தார். ஒன்பதாவதைப் பார்க்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை நதீம் வந்திருந்தான். அவனும் இதே பைத்தியம். ராயப்பேட்டை வீட்டில் இரண்டு வைத்திருக்கிறான்.

நெடுஞ்செழியனுக்கு வாசமும் ருசியும் தெரியாது. கொரோனா இரண்டாம் அலையில் போனது. எல்லோருக்கும் திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. மெஷின்களை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிடப் போவதாகச் சொல்லி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மனைவி ஜெயபாரதிதான் தடுத்தாள். “நான் குடிச்சுப் பார்த்துச் சொல்றேன். நீங்க வேலையைப் பாருங்க.”

அன்றிலிருந்து முதல் கோப்பை அவளுக்கு. கசக்குது என்பாள், கொட்டையைக் கொஞ்சம் பெரிதாக அரைப்பார். புளிக்குது என்பாள், நைஸாக்குவார். சரியா இருக்கு என்று அவள் சொல்லிவிட்டால் அன்றைக்கு பெசன்ட் நகர் பீச் வரை நடந்துவிட்டு வருவார்.

நான்கு வருடம் இப்படிப் போனது.

நதீம் அந்த ஒன்பதாவது மெஷினின் அடிப்பாகத்தைக் கழற்றி, கறுப்பு வாஷரை எடுத்துக் காட்டினான். கொதிக்கும் தண்ணீருக்கு ஆகாத ரப்பர். நெடுஞ்செழியன் அதைப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. நல்ல வாஷர் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு நதீம் கிளம்பினான்.

கதவைச் சாத்தியதும் அவர் சமையலறைக்குப் போனார். ஜெயபாரதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூணு வாரமா அந்த நாத்தத்தையா குடிச்சே? நான் வருத்தப்படுவேன்னு பொய் சொன்னியா?”

அவள் நிமிரவில்லை.

“நாத்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குப் போனப்பவே எனக்கும் போயிடுச்சு.”

கசப்பு, புளிப்பு, சரி. நான்கு வருடமும் அவள் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் சொல்லல?”

“நீங்க தரையில உக்காந்து அழுதுட்டிருந்தீங்க.”

அவளுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

“எது தெரியாம இருக்கிறதுதான் உனக்குக் கஷ்டமா இருக்கு? காபியா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“பரிதி சட்டை.”

அவர்களுடைய ஒரே மகன் பரிதி. பெருங்குடி ஆபீசிலிருந்து பைக்கில் திரும்பும் வழியில் லாரி மோதி இறந்தான். அந்த வருடம்தான் நெடுஞ்செழியன் முதல் மெஷினை வாங்கினார். மகன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை அவள் எடுத்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

“துவைக்காம பீரோவுல வெச்சிருந்தேன். நீங்க ஹால்ல தட்டிக்கிட்டு இருக்கும்போது எடுத்து மோந்து பார்ப்பேன். காய்ச்சலுக்கு அப்புறம், அவன் வாசம் அதுல இருக்கா, போயிடுச்சான்னே தெரியல. உங்களைக் கேட்டா உங்களுக்கும் தெரியாது.”

கீழே நதீம் ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

நெடுஞ்செழியன் பால்கனிக்கு ஓடினார். “நதீம்! நதீம், ஒரு நிமிஷம் மேல வாப்பா!”

ஜெயபாரதி பின்னாலேயே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“வேணாங்க,” என்றாள். “போன வாரம்தான் துவைச்சேன்.”