தாசில்தார் வீட்டு வயலட்

ஓய்வுபெற்ற தாசில்தார் தெய்வசிகாமணியின் அரியலூர் வீட்டு ஜன்னலோரம், தயிர் டப்பா மண்ணில் ஒரே ஓர் இலை நிற்கிறது. ஆப்பிரிக்கன் வயலட் என்னும் பூச்செடியின் இலை. ஊட்டியிலிருந்து வந்த தாய்ச்செடி கத்திரி வெயிலில் கருகிப்போக, மிச்சம் இது ஒன்றுதான். திரைச்சீலை வடிகட்டிய வெளிச்சம் இலையின் பூனைமயிரில் படிந்திருக்கிறது. காம்படியில் கடுகளவு குருத்து. இன்று காலைதான் கண்டுபிடித்தார். "இலை மேல தண்ணி படக் கூடாதுங்க. அடியில தட்டுலதான் ஊத்தணும். கலெக்டர் மாதிரி, நேரா அணுக முடியாது" என்று விரலை உயர்த்திப் பாடம் நடத்துகிறார். மகளின் மாமியார் வள்ளிக்கண்ணு, ஜெயங்கொண்டம் பஸ்ஸில் குடித்த புழுதியை இருமிக்கொண்டே தலையாட்டுகிறார். தலையாட்டியபடியே கையை நீட்டி இலையை இழுக்கிறார். வேரும் குருத்தும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கிள்ளி வெளியே எறிந்துவிட்டு, இலையை முந்தானையில் துடைத்து வாயில் போட்டுக்கொள்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. தெய்வசிகாமணியின் விரல் அந்தரத்திலேயே நிற்கிறது. "என்ன சம்பந்தி, கற்பூரவல்லியில வாசமே இல்ல? நோஞ்சானா வளத்திருக்கீங்க. அடுத்த வாட்டி எங்க வூட்டுலேருந்து நல்ல கிளையா கொண்டாந்து இதுல ஊணிவுடறேன்." வள்ளிக்கண்ணு மென்று முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெண்ணைக் கொடுத்தவர் கைகூப்பாத குறையாகச் சிரிக்கிறார். "ரொம்ப சந்தோஷங்க, சம்பந்தி."