நடுக் காம்பரா

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயத்தில் ஒரு காம்பராவை அப்படியே பாதுகாத்து ஊருக்குக் காட்ட நிதி வந்திருந்தது. எந்தக் காம்பரா என்று கமிட்டி கூடிப் பேசியபோது, தலைவி சண்முகவடிவு நடுக் காம்பராவைத்தான் சொன்னாள்.

"கடைசிக் காம்பரா காலியாக் கெடக்கு. நடுவுல இருக்கது ஒங்க வீடாச்சே அக்கா," என்று சிரித்தான் அதே லயத்தில் குடியிருக்கும் லோரன்ஸ்.

செயலாளர் ஜெயந்தினிக்கு முகம் சுண்டிவிட்டது. அக்காவா இப்படி?

"ஆமாடா, ஏங் காம்பராதான். கடைசிய எடுத்தா மூலையில ஒழுகுற கூரைத் தகரத்த மட்டும் மாத்திட்டுப் போயிருவாங்க. நடுக் காம்பரா நனையாம இருக்கணும்னா ரெண்டு பக்கமும் மாத்தியாகணும். லயத்துக்கு ஒரே கூரைதானே? இனி எந்த வீடும் ஒழுகாது."

லோரன்ஸின் சிரிப்பு அடங்கியது. "காட்சிக்கு வச்சுட்டா நீங்க எங்கக்கா இருப்பீங்க?"

"ஒன் வீட்டுலதான். ஒழுகாத வீட்டுல ஒருத்தி படுக்க எடமில்லாமலா போயிரும்?"