ஜெபக் குறிப்பு

நேசபாக்கியம் கண்ணை மூடி ஜெபித்தால் தெருவில் மூன்று வீட்டுச் சங்கதியாவது வெளியே வந்துவிடும். ஆண்டவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று அவளுக்கு அவ்வளவு கரிசனம். கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஷீபா கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று அவள் அம்மா டெய்சி சொன்னதைத் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. எட்டாம் நாள் ஆறுதல் ஜெபத்துக்குப் போகும் வழியில் நேசபாக்கியம் கூட வந்த பக்கத்து வீட்டு லில்லியின் காதைக் கடித்தாள். "ஏட்டி, ஜெபத்துல வச்சுக் கேட்டா அவளால பொய் சொல்ல முடியாதுல்லா?"

கேட்டும் விட்டாள். "ஆண்டவரே, அந்தப் பிள்ளை எதற்காகக் கிணற்றடிக்குப் போனாள் என்பதை நீர் அறிவீர்..." என்று இழுத்தபடி, டெய்சியின் பக்கம் ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள்.

டெய்சி கண்ணை மூடவே இல்லை. "ஆமா மதினி, அவருக்கு எல்லாம் தெரியும். அவளாத்தான் குதிச்சான்னும் தெரியும். தெரிஞ்சும் எம்பிள்ளைய பரலோகத்துல சேத்துக்கிட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இத்தனை வருஷமாக அவரிடம் சொல்லியே பழகியவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. முழங்காலில் நின்ற பெண்கள் யாரும் கண்ணைத் திறக்கவில்லை. டெய்சி மட்டும் பதிலுக்காக நேசபாக்கியத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.