வலது கைப் பக்கம்

கல்குவாரிக் குட்டையில் துணி அலசிக்கொண்டிருந்த சூசைமேரி வழுக்கி விழுந்த சத்தம் அவள் கணவன் இருதயத்துக்கு வலது பக்கமாகக் கேட்டது. பிறவியிலேயே பார்வையில்லாத அவன், கரையில் நின்றபடி மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். பின்னாலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

“அக்கா எந்தப் பக்கம்ணே விழுந்தாங்க?”

இருதயம் வலது கையை நீட்டினான். “இந்தப் பக்கம்.”

“நல்லாத் தெரியுமா?”

“அவ விழுந்த சத்தம் எனக்குத் தெரியாதா தம்பி?”

வந்தவர்கள் எல்லோரும் அங்கே குதித்தார்கள். கை மரத்துப்போன பிறகும் அவன் அதை இறக்கவில்லை. அவள் விழுந்தபோது முகத்தில் அடித்த வெயில் இப்போது பிடரியில் சுடுவது அப்போதுதான் உறைத்தது.

“என்னைத் திருப்பிவிட்டுட்டியேப்பா,” என்றான் மெதுவாக. எல்லோரும் தண்ணீருக்கடியில் இருந்தார்கள்.