ஐந்தாவது ஜாடி

ஆறு ஜாடிகளிலும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்த துடுப்புகள் ஒரே நேரத்தில் நின்றன.

அவள் குடிநீர் நிலையத்தின் சோதனை மேசைமேல் குனிந்தாள். ஜாடிக்கு ஜாடி கொஞ்சம் கூடுதலாகப் படிகாரம் கலந்த தண்ணீரில் அழுக்கு பஞ்சுப் பிசிறு போலத் திரண்டு, அவசரமே இல்லாமல் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மழைக்குப் பிறகு ஏரித் தண்ணீர் முழுக்க ஊறிய இலைகளின் சாறு. அந்தச் சாயம் போகாமல் குளோரினைக் கலந்தால் வாடை குமட்டும்.

நாளைக் காலை, இத்தனை நாள் குழாயே இல்லாத ஒரு தெருவுக்கு முதன்முறையாகத் தண்ணீர் திறக்கிறார்கள். மஞ்சளாய்ப் போய் விழுந்தால் அந்தத் தெரு குழாயை ஆயுசுக்கும் நம்பாது.

"மூணாவது ஜாடி போதும்மா. பளிங்கு மாதிரி இருக்கு பாரு" என்றார் மணல் வடிகட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். எதற்கெடுத்தாலும் பறப்பதால் நிலையத்தில் அவருக்கு 'றெக்கை' என்று பெயர்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பளிங்குதான்.

அவள் ஜாடியை ஒரு வெள்ளை டைலின்மேல் வைத்து, மேலிருந்து பார்த்தாள். ஆறிப்போன தேநீரில் தண்ணீரை ஊற்றிய மாதிரி ஒரு நிறம்.

நான்காவதிலும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் டைல் மட்டும்தான் தெரிந்தது.

"அஞ்சாவது அளவையே போடலாம்ணே."

"போடலாம், போடலாம். மணல் சீக்கிரம் அடைச்சுக்கும். கழுவறது யாரு, உங்க தாத்தாவா?"

"நானே வரேன், போதுமா?"

சொன்னபடியே போனாள். மணலுக்கு அடியிலிருந்து தண்ணீர் பொங்கி, பழுப்பு நுரை தொட்டி விளிம்பு தாண்டி வழிந்தது. றெக்கை முணுமுணுத்துக்கொண்டே வால்வைத் திருகினார். நுரை வெளுக்க வெளுக்க அவளுக்கு மனசு லேசானது.

மறுநாள் அவர் அந்தத் தெருவிலிருந்து வந்த வேகத்தில் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"பச்சைக் கதவு வீட்டு அம்மா இருக்கே, லேசுப்பட்ட ஆள் இல்ல! தண்ணியப் பிடிச்சு, மோந்து பாத்து, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, அப்புறம்தான் வாயில வெச்சுது. வெச்சதும் மடமடன்னு ஒரு சொம்பு. அப்புறம் இன்னொண்ணு! 'யாரு பண்ண தண்ணிப்பா இது, அந்தக் கை நல்லா இருக்கட்டும்'னு வேற சொல்லுது. சாயங்காலம் அந்தப் பக்கம் போவேன். நீதான்னு சொல்லிடட்டுமா?"

அவள் அன்றைய ஏரித் தண்ணீரை முதல் ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அதைக் கோடு வரை நிரப்பினாள்.

"வேணாம்ணே. அவங்க நிம்மதியா குடிக்கட்டும்."

அந்த வீட்டில் மருமகளாக இருந்த மூன்று வருடமும், அவள் மொண்டு வைத்த தண்ணீரை அந்த அம்மா ஒருநாளும் தொட்டதில்லை.